அண்ணன் விழுங்கிய காந்தம்

1

சென்ற ஆண்டு ஜூலை ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். தென்காசியில் சாரல். மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. நான் எங்கே போனாலும் கொண்டுபோகும் சிறிய வெப்பமானி, அண்ணன் வீட்டு முன்னறையில் இருபத்தாறு டிகிரி காட்டியது. அப்போதுதான் என் அண்ணன் குத்தாலிங்கம், எண்பது வயது, ஓய்வுபெற்ற காவல் உதவி ஆய்வாளர், கிழமைக்கு ஓர் அறையாக உள்ள என் மாத்திரை டப்பாவைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை அறையில் இருந்த ஒரே மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தார்.

அது மாத்திரை இல்லை.

இன்று ஜூலை ஒன்பது, புதன்கிழமை. சரியாக ஓராண்டு. வடக்கு ஜெர்மனியில் ஒரு துறைமுக நகரத்தில் நாற்பத்தொரு ஆண்டுகளாக இருக்கிறேன். மூன்றாவது மாடி, ஐம்பத்திரண்டு படி. மனைவி போய் ஆறு ஆண்டு. காலையில் ஆறு மாத்திரை, இரவில் இரண்டு. இந்த ஓராண்டில் ஐம்பத்திரண்டு ஞாயிறும் டப்பாவின் அந்த அறையை நான் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துத் தனியாக வைக்கிறேன். மருந்துக்கடைப் பெண் கேட்டாள், டப்பா உடைந்துவிட்டதா, புதிது தரட்டுமா என்று. உடையவில்லை என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் சொல்ல என் ஜெர்மன் போதாது. என் தமிழ் போதுமா என்று இங்கே பார்க்கிறேன்.

2

ஸ்ட்ரான்சியம், ருத்தேனியம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த ஒரு படிகம். கறுப்பு, உடைத்த கரி போல, ஆனால் முகங்கள் கண்ணாடியாக மின்னும். இரண்டு மில்லிமீட்டர் நீளம், இரண்டு அகலம், ஒன்றரை உயரம். எடை முப்பத்தேழு மில்லிகிராம். பிளாட்டினக் கிண்ணத்தில் உப்போடு உருக்கி, மணிக்கு இரண்டு டிகிரி வீதம் குளிரவைத்து நானே வளர்த்தது.

ஆக்சைடு என்றால் துரு, சுண்ணாம்பு என்றுதான் நாம் நினைப்போம். மின்சாரம் போகாது, காந்தமும் இருக்காது. இது அப்படி இல்லை. உலோகம் மாதிரி மின்சாரத்தைக் கடத்தும். பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுப் பதின்மூன்று டிகிரி வரை குளிர்வித்தால் காந்தமாகிவிடும். அந்த இடத்தில் மின்தடையின் கோடு முழங்கைபோல் மடங்கும். தன்வெப்பம், அதாவது ஒரு டிகிரி சூடேற்ற அது கேட்கும் வெப்பம், அங்கே ஓர் உச்சிக்கு ஏறி இறங்கும். அதற்குக் கீழே எவ்வளவு குளிர்வித்தாலும் அநேகமாகச் சுருங்காது. மின்சாரம், வெப்பம், காந்தம் மூன்றும் ஒரே டிகிரியில் ஒன்றுக்கொன்று சொல்லிவைத்ததுபோல் மாறுகிற பொருள். ஓய்வுபெறும்வரை இங்கே ஓர் ஆய்வகத்தில் என் வேலை அதை அளப்பது. பட்டம் பெற்ற விஞ்ஞானி அல்ல நான். அளவுக் கருவிகளின் பொறுப்பாளன். கட்டுரைகளில் என் பெயர் பெரும்பாலும் கடைசியில், நன்றி சொல்லும் வரியில் வரும்.

ஒரே ஒரு முறை என் பெயர் முதலில் வந்திருக்க வேண்டியது. இந்தப் படிகத்தின் தன்வெப்பக் கோட்டில், உச்சிக்கு மூன்று டிகிரி கீழே, ஒரு சிறு மேட்டை நான் கண்டேன். பதினேழு முறை அளந்தேன், பதினேழு முறையும் இருந்தது. கட்டுரை எழுதி அனுப்பினோம். திரும்பி வந்தது. படிகத்தின் ஒரு பாதியில் ருத்தேனியம் குறைந்திருக்கும், அதனால் இரண்டு பாதியும் வேறுவேறு டிகிரியில் காந்தமாகின்றன, மேடு அதனால் வந்தது, புதிதாக ஒன்றும் இல்லை என்று மதிப்பிட்டவர்கள் எழுதியிருந்தார்கள்.

அவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு வழிதான் இருந்தது. படிகத்தை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் தனியாக அளக்க வேண்டும். இரண்டிலும் மேடு இருந்தால் நான் சொன்னது சரி. ஒன்றில் மட்டும் உச்சி நகர்ந்திருந்தால் அவர்கள் சொன்னது சரி. அதே கிண்ணத்தில் வளர்ந்த மற்ற படிகங்கள் ஒவ்வொன்றாகச் செலவாகிவிட்டன. இது ஒன்றுதான் மிச்சம். வெட்டும்போது நொறுங்கிவிட்டால்? முப்பத்தொரு ஆண்டுகள் வெட்ட மனம் வரவில்லை.

சென்ற ஆண்டு ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது. நான் கட்டிய தன்வெப்பக் கருவியை ஜூலை பத்தொன்பது, வெள்ளிக்கிழமை கழற்றப் போகிறார்கள். என் பழைய அலமாரியையும் காலி செய்கிறார்கள். கெஞ்சினேன். பதினெட்டாம் தேதி முழு நாளும் கருவி உனக்கு என்றார்கள். படிகத்தை வெளியே எடுக்க மூன்று பிரதியில் படிவம். திருப்பித் தராவிட்டால் காரணம் எழுத நான்கு சென்டிமீட்டர் இடம். எழுபத்துநான்கு வயதில் முடிவு செய்தேன், வெட்டிவிடுவது என்று.

இடையில் அண்ணனுக்கு எண்பது நிறைவு. ஜூலை ஏழு, ஞாயிறு. போகாமல் இருக்க முடியாது. பதின்மூன்றாம் தேதி திருவனந்தபுரத்திலிருந்து திரும்ப விமானம். படிகத்தை எங்கே விட்டுப்போவது? என் மகள் மீனா ஒருமுறை என் மேசையைச் சுத்தம் செய்தபோது பதினொரு பொருட்கள் குப்பைக்குப் போயின. கையோடு எடுத்துப்போனேன்.

காந்தத்தன்மை அளக்கும் கருவியில் படிகத்தை மருந்துக் கம்பெனிகள் பயன்படுத்தும் ஜெலட்டின் கூட்டில்தான் வைப்போம். கொஞ்சம் பஞ்சு வைத்து மூடி, குளிர்பானம் உறிஞ்சும் குழாய்க்குள் செருகி, கருவியில் இறக்குவோம். உலகம் முழுக்க அப்படித்தான். படிகம் கடைசி அளவுக்குப் பிறகு அந்தக் கூட்டிலேயே இருந்தது. மாத்திரைக் கூடு இருக்க வேண்டிய இடம் மாத்திரை டப்பா. விமான நிலையத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். அப்படித்தான் நினைத்தேன்.

3

வெளிநாட்டிலிருந்து தென்காசிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். பெட்டி திறக்கும்போது மிட்டாய் கேட்பது சின்னவர்கள். பெரியவர்கள் கேட்பது மருந்து. இந்த முறை வலித் தைலம் மட்டும் நாற்பது குப்பி கொண்டுபோனேன். இரண்டு நாளில் தீர்ந்தது. ஜெர்மனி மாத்திரை என்றால் எந்த வலிக்கு என்றுகூடக் கேட்பதில்லை.

நான் குளித்துவிட்டு வந்தபோது டப்பா திறந்திருந்தது.

"அண்ணே, இதுல ஒண்ணு இருந்துச்சே?"

"நாந்தாம்லே போட்டேன். முட்டு வலி உயிரை எடுக்குது. நீயா குடுக்க மாட்ட."

"அது மாத்திரை இல்லண்ணே!"

"பின்ன என்னது? பஞ்செல்லாம் வச்சு, உள்ள மிளகு மாதிரி கருகருன்னு ஒண்ணு கெடந்துச்சு. ஜெர்மன்காரன் மருந்து இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சேன்." கால் முட்டியை நீட்டி மடக்கிப் பார்த்தார். "கொஞ்சம் கேக்குத மாதிரிதாம்லே இருக்கு."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்படியிலிருந்து மதினி ஓடி வந்தார். அண்ணனைவிட ஐந்து வயது இளையவர், அண்ணனைவிடச் சத்தம் அதிகம்.

"என்னத்தத் தின்னு தொலைச்சிய? விஷமா கொழுந்தனாரே?"

"விஷமில்ல மதினி. கல்லு."

"கல்லா? அதுக்கா இப்படி இருக்கிய? போன மாசம் அரிசியில கெடந்த கல்லத் தின்னு பல்லையே ஒடச்சாக. இதுல பல்லு தப்பிச்சிருச்சில்லா!"

அண்ணன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வாயில் விரல் விட்டு வாந்தி எடுக்கச் சொன்னேன். எண்பது வயதில் சதாபிஷேகம் முடிந்து இரண்டாம் நாள் யாரும் தன்னை வாந்தி எடுக்கச் சொல்ல வேண்டாம் என்றார்.

4

ஆட்டோவில் போகும்போது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேடு, பதினேழு அளவு, திரும்பி வந்த கட்டுரை, பதினெட்டாம் தேதி, வெட்ட மனம் வராத முப்பத்தொரு ஆண்டு. அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒருமுறை மட்டும், "ஒரு மிளகுக்கா?" என்றார்.

மருத்துவமனையில் இளம் டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்தார். வயிற்றின் சாம்பல் நிறத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. என் படிகத்தை அப்படிப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

"பேட்டரி இல்லையே? காந்தம் இல்லையே? இருந்தா உடனே சொல்லிருங்க, அது ஆபத்து."

பொய் சொல்ல வரவில்லை. "காந்தம்தான். ஆனா இப்ப காந்தம் இல்ல."

"காந்தம்னும் சொல்லுதீங்க, இல்லன்னும் சொல்லுதீங்க."

"மைனஸ் நூத்திப் பதிமூணுக்குக் கீழே போனாத்தான் காந்தம். உடம்புச் சூட்டுல வெறும் கல்லு. கரையவும் செய்யாது."

"எனக்கு உள்ள அவ்வளவு குளிரு கெடையாது டாக்டரம்மா," என்றார் அண்ணன். "ஐந்தருவியில குளிச்சாக் கூட."

டாக்டரம்மா சிரித்துவிட்டு எழுதினார். இரைப்பையைத் தாண்டிவிட்டது, இரண்டு மூன்று நாளில் தானாக வெளியே வந்துவிடும், வாழைப்பழமும் கீரையும் கொடுங்கள்.

இதுவரை சொன்னதில் எனக்கு வெட்கம் இல்லை. இனிமேல் சொல்வதில் இருக்கிறது. குழாய் விட்டு எடுக்க முடியாதா என்று கேட்டேன். முடியாது, கீழே இறங்கிவிட்டது என்றார். அறுவை செய்தால்? டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "ஒரு கெடுதலும் செய்யாத பொருளுக்காக எண்பது வயசுக்காரர் வயித்தை யாரும் திறக்க மாட்டாங்க சார்." நான் விடவில்லை. பெரிய ஊரில் வேறு டாக்டர் செய்வாரா, எவ்வளவு ஆனாலும் தருகிறேன் என்றேன். இரண்டு முறை சொன்னேன். இரண்டாம் முறை கைகூப்பினேன். அண்ணன் அதே அறையில், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் திரும்பினோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றபோது அண்ணன் சொன்னார்:

"வேலு, அந்தக் கல்ல வெட்ட முப்பத்தோரு வருசமா மனசு வரலன்ன. என்னைய வெட்டச் சொல்ல உனக்கு அரை மணி நேரம் ஆவலயே."

ரயில் போயிற்று. பதினான்கு பெட்டி.

5

புதிதாக ஒரு பிளாஸ்டிக் சட்டி, ஒரு சல்லடை, ஆறு ஜோடி கையுறை வாங்கி வந்தேன். மதினி சல்லடையைப் பார்த்து, "இது என் அடுப்படிப் பக்கம் வந்துச்சு, நான் வெளிய போயிருவேன்," என்றார்.

"அண்ணே, இனிமே இதுலதான் இருக்கணும்."

"ஏலே! முப்பத்தஞ்சு வருசம் யூனிபாரம் போட்டவன்லே நான். சட்டியில இருக்கச் சொல்லுதியா?"

"மூணு நாள்தான்."

"உன் காந்தத்த வச்சுக் கண்டுபிடியேன். கடையில லாடக் காந்தம் விக்குதான்லா!"

அவருக்கு எப்படிச் சொல்வது? காந்தமான ஒரு பொருளைக் காந்தத்தால் தேட முடியவில்லை. அது காந்தமாக இருப்பது அந்த ஊர் அறியாத குளிரில். தென்காசியில் அது எதையும் இழுக்காது, எதனாலும் இழுக்கப்படாது. மின்சாரம் கடத்தும்தான், ஆனால் மிளகளவு உலோகத்துக்கு உலோகம் தேடும் எந்தக் கருவியும் கூவாது. மிச்சம் இருந்தது என் இரண்டு கண்ணும் ஒரு சல்லடையும்.

புதன்கிழமை காலை ஒருமுறை. கிணற்றடியில் உட்கார்ந்து பன்னிரண்டு குடம் தண்ணீர் விட்டு அலசினேன். கீரை விதை, தக்காளி விதை. படிகம் இல்லை. இரண்டாவது முறை அலசினேன், இல்லை. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெர்மனியில் வேலை பார்த்தவர் என்று அவர்களுக்கும் தெரியும்.

அன்று மாலை மீனா அழைத்தாள். ஜெர்மனியில் பிறந்தவள், அங்கேயே வேலை. ஜெர்மனில்தான் பேசுவாள். என்ன விலை என்று கேட்டாள். விலை இல்லை என்றேன். விலை இல்லாவிட்டால் ஏன் அழுகிறாய், விலை இருந்தால் வேறு வாங்கலாமே என்றாள். அவள் சொன்னது தர்க்கமாகச் சரி. பதினொரு நிமிடப் பேச்சில் இரண்டு தமிழ்ச் சொற்கள்: 'அப்பா', 'சரி'. கடைசியில் கேட்டாள், பெரியப்பா எப்படி இருக்கிறார் என்று. அதை நான் அவரிடம் அதுவரை கேட்கவில்லை என்று அப்போதுதான் நினைவு வந்தது. வைத்துவிட்டுப் போய்க் கேட்டேன்.

"முட்டு வலிக்குது," என்றார். "போன்ல மூணு வருசமாச் சொல்லுதேன். அங்கன நல்ல டாக்டர்ட்ட கேட்டுச் சொல்லுன்னு. சரிம்ப. வச்சிருவ."

வியாழக்கிழமை ஒன்றும் இல்லை. நாலு வாழைப்பழம், இரண்டு முறை கீரை, ஒன்றும் இல்லை. நான் கழிப்பறை வாசலிலேயே நின்றேன்.

"போலே அங்குட்டு! நீ வெளிய நின்னு மணியப் பாத்துக்கிட்டு இருந்தா எனக்கு எப்படி வரும்?"

மாலையில் மறுபடி எக்ஸ்ரே. வெள்ளைப் புள்ளி பெருங்குடலின் கடைசியில் இருந்தது. நாளைக்கு வந்துவிடும் என்றார் டாக்டரம்மா. அண்ணனுக்கு வயிறு கல்லாக இறுகி, இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. மதினி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். எனக்குச் சோறு மட்டும் வந்தது, தட்டில், கேள்வி இல்லாமல்.

6

வெள்ளிக்கிழமை காலை அண்ணன் சொன்னார்: "என்னைக் குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போ. தலையில தண்ணி விழுந்தா எல்லாம் சரியாயிரும்."

நான் வேண்டாம் என்றேன். வீட்டில்தான் இருக்க வேண்டும், இன்று வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன்.

"அது வாரதுக்குள்ள நான் போயிருவேன். நாலு நாளா மனுசன் படுத பாடு தெரியுதா உனக்கு?"

முகம் வீங்கியிருந்தது. கார் பிடித்தேன். சட்டியையும் சல்லடையையும் பையில் போட்டுக் கொண்டுபோனேன். அவசரம் என்றால் சொல்ல வேண்டும், எங்கேயாவது மறைவாக நிறுத்தலாம் என்று வழியில் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் "உம்" என்றார்.

ஐந்தருவியில் நல்ல தண்ணீர். சாரலும் வெயிலும் மாறி மாறி. வரிசையில் என் கணக்கில் இருநூறு பேருக்கு மேல். அண்ணன் துண்டைக் கட்டிக்கொண்டு, முட்டியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கி, கூட்டத்தில் நுழைந்தார். அவர் சட்டை, வேட்டி, கண்ணாடி என் கையில். தண்ணீருக்கு அடியில் அவர் முதுகு தெரிந்தது. இரண்டு கையையும் பாறையில் ஊன்றித் தலையைக் குனிந்து நின்றார். இருபத்திரண்டு நிமிடம். அவ்வளவு நேரம் அவரை நான் பார்த்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கணக்குப் போட்டேன். முடியவில்லை.

போலீஸ்காரர் விசில் ஊதிக் கூட்டத்தை வெளியேற்றினார். ஈரத்தோடு ஏறி வருவோர் நடுவே அண்ணனைக் காணவில்லை. இந்தப் பக்கம் ஓடினேன், அந்தப் பக்கம் ஓடினேன். பிறகு பார்த்தேன். ஒரு பஜ்ஜிக் கடை பெஞ்சில், துண்டோடு, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான்கு நாளில் முதல் முறையாக முகம் தெளிந்திருந்தது.

"முடிஞ்சுதுலே," என்றார். "அப்பா! எல்லாம் முடிஞ்சுது."

"எங்கன?"

அவர் கையைக் காட்டினார். கட்டணக் கழிப்பறை. வாசலில் மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே. சட்டி என்ட்ட இருக்கே. சொல்லியிருக்கலாமே அண்ணே."

"சொல்லத்தான் தேடினேன், காணும்." பிறகு என் முகத்தைப் பார்த்து, தாழ்ந்த குரலில், "தேடலடா. பொய் எதுக்கு? ஒரு மனுசனாட்டம் கதவச் சாத்திட்டு இருக்கணும்னு தோணுச்சு," என்றார்.

நான் ஓடினேன். மேசைக்காரர் கையை நீட்டி மறித்தார்.

"பத்து ரூவா."

"நான் இருக்க வரல. தேட வந்திருக்கேன்."

"உள்ள போனா பத்து ரூவா. இருந்தாலும் இருக்காட்டாலும்."

கொடுத்தேன். உள்ளே எட்டுக் கதவு. எது என்று தெரியவில்லை. மூன்று மூடியிருந்தன. திறந்திருந்த ஐந்திலும் பார்த்தேன். எல்லாம் தண்ணீர் ஊற்றிச் சுத்தமாக இருந்தது. அருவி ஊரில் தண்ணீருக்குக் குறை கிடையாது, வாளி வாளியாக ஊற்றுகிறார்கள். ஒவ்வொன்றிலும் மண்டியிட்டு, என் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். மூடியிருந்த கதவுகளைத் தட்டினேன். "யாருலே அது? செத்த பொறும்!" என்று உள்ளிருந்து ஒரு குரல். பின்னால் நின்ற ஒருவர், "பெரியவரு பல்செட்டப் போட்டுட்டாரு போல," என்றார். சிரித்தார்கள். அவரும் நல்ல மனிதர்தான். கூடவே குனிந்து இரண்டு நிமிடம் தேடினார். எதைத் தேடுகிறோம் என்று கேட்டார். ஒரு கறுப்புக் கல், மிளகளவு என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தோளில் கைவைத்து வெளியே கூட்டி வந்தார்.

முப்பத்தேழு மில்லிகிராம். இரண்டாக வெட்டியிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பது இனி யாருக்கும் தெரியாது. நான் சொன்னது தவறாகவே இருந்திருக்கலாம். அதுகூடத் தெரியாது. தூரத்துப் பெஞ்சில் அண்ணன் துண்டில் நடுங்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சட்டை என் கக்கத்தில் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கத் திரும்பினேன்.

"சார்," என்று மேசைக்காரர் கூப்பிட்டார். "அந்தப் பெரியவரு துண்டோட வந்தாரு, கையில துட்டு இல்ல. தம்பி ஜெர்மனிலேருந்து வந்திருக்கான், அவன் குடுப்பான்னாரு."

இன்னொரு பத்து கொடுத்தேன். ஆக மொத்தம் இருபது ரூபாய்.